கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஒரு தும்பு மில்லுக்காரன் எழுதுறது

மதிப்புக்குரிய கன்னியாகுமரி மாவட்ட கலெக்டர் அவர்களுக்கும், எஸ்.பி அவர்களுக்கும் வணக்கம்.

நான் கல்குளம் தாலுகாவுல ஒரு சின்ன தும்பு மில்லு, அதாவது தேங்கா நாரு மில்லு, நடத்துறவன். ஊரு பேரும் மில்லு பேரும் போடல, ஏன் போடலன்னு படிச்சு முடிக்கும்போ உங்களுக்கே தெரியும். மனுவா எழுதி திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல கொண்டு தரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன், ஆனா ரெண்டு பக்கத்துக்கு மேல மனு எழுதினா யாரு படிப்பா, அதுவும் போக இது எனக்க ஒருத்தனுக்க காரியம் மட்டும் இல்ல, அதான் எல்லாரும் பாக்கட்டும்னு வெளிப்படையாவே எழுதறேன்.

மொதல்ல தொழில சொல்லிடறேன். கதம்பைய, அதான் தேங்கா மட்டைய, அடிச்சு தும்பு எடுத்த பொறவு மிச்சம் வர்ற தூளு இருக்கே, எங்க அப்பா காலத்துல அத ரோட்டோரமா மலை மாதிரி குமிச்சு வச்சிருப்பாவ, மழை பெஞ்சா செவப்புத் தண்ணி ஒழுகி கொளத்துல போயி விழும், ஊர்க்காரன் வந்து ஏசுவான். இன்னைக்கு அந்தத் தூளுக்குத்தான் வெல. நல்ல தண்ணில கழுவி உப்ப எறக்கி, களத்துல காயப்போட்டு, அஞ்சு கிலோ கட்டியா பிரஸ் பண்ணி கண்டெய்னர்ல ஏத்தினா தூத்துக்குடி துறைமுகம் வழியா ஐரோப்பாவுக்குப் போவும், அங்க கண்ணாடிக் கூரை போட்ட தோட்டத்துல மண்ணே இல்லாம இந்தத் தூளுல தக்காளி வெளைய வைக்கானுவ. நெதர்லாந்துல இதுக்குன்னே ஆர்.எச்.பி ன்னு ஒரு தர முத்திரை இருக்கு. அது கெடச்சா வெலயே வேற. ஆனா அதுக்கு கழுவுற தொட்டி, கால்சியம் நைட்ரேட் போட்டு ஊறவைக்கிற தொட்டி, சிமெண்ட் களம், ஷெட்டு, லேப் எல்லாம் வேணும், என்ன மாதிரி ஆளுக்கு அது ஒத்தைக்கு முடியாது.

அப்படித்தான் ஒரு டச்சுக்காரர் வந்தாரு. டச்சுக்காரர்ன்னா நம்ம ஊர்ல குளச்சல்தான் ஞாபகம் வரும், 1741-ல மார்த்தாண்ட வர்மா படைக்கிட்ட தோத்து, பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவுக்கே தளபதியாகி கடைசியில உதயகிரி கோட்டைக்குள்ளயே அடக்கமாயிட்டாரு. நம்மாளை நான் அந்தக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய் காமிச்சேன், ரொம்ப நேரம் நின்னு எழுத்தெல்லாம் வாசிச்சாரு. அவன் தோத்தும் இங்க தங்கிட்டான், இந்த ஆளு தோக்காமலே போயிட்டாரு, அந்தக் கதைதான் இது.

மூணு வருஷமா எங்கிட்ட சரக்கு எடுத்துட்டிருந்தவரு. பாதிப் பணம் நான் போடுறேன், மெஷினு நான் அனுப்புறேன், ரெண்டு பேருமா கம்பெனி ஆரம்பிப்போம்னு அவரேதான் சொன்னாரு. ஒரு பிப்ரவரி மாசம் நேர்ல வந்தாரு. ரெண்டாவது நாளு காலைல களத்துல உக்காந்து ஒரு பிடி தூள எடுத்து கையில பிழிஞ்சு பார்த்தாரு, பாட்டில்ல தண்ணி கலக்கி உப்பு பாக்கற மீட்டர விட்டாரு, 0.4 காட்டிச்சு, உப்பு கொறச்சல்தான்னு சிரிச்சாரு. அந்த நேரத்துல கண்டெய்னர் ஒண்ணு லோடு ஆயிட்டிருக்கு, எனக்க ஆளுவதான் ஏத்துதாவ, ஏத்துகூலி தனியா குடுத்தாச்சு. ரெண்டு பைக்குல நாலு பேரு வந்து மில்லு கேட்டு வாசல்ல நிக்கானுவ. ஒருத்தன் உள்ள வந்து, "அண்ணாச்சி, லோடு எங்க ஏரியாவுலல்லா ஏறுது, எங்களுக்குள்ளத தந்துருங்க, வெள்ளக்காரரு வந்திருக்காரு, பிரச்சனை வேண்டாம்லா" ன்னான். சத்தமே போடல, மரியாதையாத்தான் கேட்டான். எட்டாயிரம். 2016-ல இது மூவாயிரமா இருந்துது. நான் ஆபீசுக்குள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன், அவன் எண்ணிப் பார்த்துட்டு டச்சுக்காரருக்கு ஒரு வணக்கமும் வச்சுட்டுப் போனான்.

யாரு இவங்கன்னு கேட்டாரு. கோயில் கொடைக்குப் பிரிவு எடுக்க வந்தாவன்னு பொய் சொன்னேன். அதுக்கு அவர் கேட்டது ஒரே கேள்விதான், ரசீது உண்டா?

கோயில் கொடைக்கும் பள்ளித் திருவிழாவுக்கும் நான் மனசறிஞ்சு குடுக்கறவனாக்கும், ரசீதுல எனக்க பேரு தப்பா எழுதினாக்கூட வாங்கி சட்டைப் பையில வச்சுக்குவேன், ஊரோட ஒண்ணா இருக்கறதுக்கு அது ஒரு சந்தோஷம். அந்த சாமி பேர இதுக்கு இழுத்ததுதான் இன்னைக்கும் மனசுல குத்துது. அவருக்கு நான் சொன்னது பொய்யின்னு அப்பவே பிடிகிடைச்சிருக்கும், சின்ன நோட்டு ஒண்ணு எடுத்து என்னமோ ஒரு வரி எழுதினாரு, பொறவு சாப்பிடப் போனோம், மத்தி மீனு வச்ச கொழம்பு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

ஊருக்குப் போய் பத்து நாள் கழிச்சு ஒரு மெயில் போட்டாரு. கோவம் ஒண்ணும் இல்ல. அந்தப் பணத்தையும் கணக்குல போட்டுக்கறேன், மூணே மூணு விவரம் தாங்கன்னு கேட்டாரு. வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், யாருக்கெல்லாம் போகும், இவங்களுக்குக் குடுத்த பிறகு வேற யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னு யாரு உறுதி சொல்லுவாங்க. மொதல் ரெண்டுக்கும் பதில் எழுதிட்டேன். மூணாவதுக்கு ரெண்டு நாளு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பார்த்தேன், என்ன எழுத? அவரு இப்ப இலங்கையில குருநாகல் பக்கம் ஒரு யூனிட்டுல பணம் போட்டிருக்காரு. 2022-ல கடன் கட்ட முடியாம திவாலான நாடுன்னு நாமெல்லாம் டிவில பார்த்து பரிதாபப்பட்டோமே, அதே இலங்கைதான்.

இத வச்சு ஏதோ நம்ம மாவட்டம் கொள்ளக்காரன் ஊருன்னு நான் சொல்லவரல. 2011 கணக்குப்படி படிப்புல தமிழ்நாட்டுலயே மொதல் இடம் நமக்குத்தான், 91.75 சதவீதம். ராத்திரி பத்து மணிக்கு பொம்பளப்பிள்ளைய பஸ்ஸுல வந்து எறங்கி நடந்து வீட்டுக்குப் போவுது. தொழில் வராததுக்கு வேற காரணமும் ஒருபாடு உண்டு. மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர், அதுல காடும் மலையும் கொளமும் போனா மிச்சம் உள்ள எடத்துல சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல குடியிருக்கோம், பத்து ஏக்கர் ஒரே பட்டாவா கெடைக்கறதுக்கு ஜோசியம் பார்க்கணும். நாலுவழிச்சாலை எத்தனை வருஷமா இழுக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனா எடமும் ரோடும் கணக்குல எழுதக்கூடிய கஷ்டம். எட்டாயிரம் எழுத முடியாத கஷ்டம்.

எனக்க மக நாகர்கோவில்ல எக்கனாமிக்ஸ் படிக்கா, அவகிட்ட சொல்லிப் புலம்பினப்போ அவ கொஞ்சம் தேடி எடுத்து வாசிச்சுச் சொன்னா. மெக்சிகோ தெரியுமில்லா, போதைமருந்து கும்பல் ஆட்சி பண்ற நாடுன்னு சினிமால காட்டுவான். அங்க வெளிநாட்டு முதலீடும் வந்துக்கிட்டுதானே இருக்கு, அப்போ குற்றத்துக்கும் முதலீட்டுக்கும் சம்பந்தம் இல்லையோன்னு ஆஷ்பி, ராமோஸ் ன்னு ரெண்டு பேரு மாநிலம் மாநிலமா பிரிச்சுப் பார்த்து 2013-ல எழுதியிருக்காங்க. அவங்க கண்டுபிடிச்சதுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. கும்பல் அட்டகாசம் கூடக் கூட விவசாயம், வியாபாரம், ஃபைனான்ஸ் இதுல வெளிநாட்டுப் பணம் கொறையுது. ஆனா எண்ணெய்க் கிணறு, சுரங்கம் இதுல கொறையல, கூடத்தான் செய்யுது.

ஏன்னு யோசிச்சா நம்ம ஊரு ஆளுக்கு சட்டுனு புரியும். தோண்டுறவனுக்கு பொருளு மண்ணுக்கடியில இருக்கு, வேற எடத்துக்குப் போக முடியாது, லாபமும் பெருசு, அதனால வேலி போட்டு, துப்பாக்கி வச்ச காவலாளி வச்சு, கேக்குறவனுக்கெல்லாம் குடுத்துட்டு தோண்டிட்டுப் போயிருவான். தக்காளிக்கு தூளு வாங்க வந்தவனுக்கு அந்தத் தலையெழுத்து கெடயாது, பொள்ளாச்சி இருக்கு, இலங்கை இருக்கு, வியட்நாம் இருக்கு. 2018 மார்ச்சுல மெக்சிகோவுல கெரேரோ மாநிலத்துல கோக்க கோலா விக்கிற ஃபெம்சா கம்பெனி, ஆளுங்கள மிரட்டுறானுவன்னு சொல்லி ஒரு ஊரு குடோன அப்படியே மூடிட்டுப் போனான், 160 பேருக்கு வேல போச்சு. கோலா கம்பெனியே மூடுறான்னா பாத்துக்கிடுங்க. ஆக குற்றம்ங்கறது முதலீட்ட மொத்தமா நிறுத்தறது கெடயாது, சலிச்சு எடுக்குது. நல்ல அரிசி ஒழுகிப் போவுது, கல்லு மட்டும் சல்லடையில தங்குது.

கல்லுன்னு சொன்னதும் உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான் ஞாபகம் வரும். களியக்காவிளை ரோட்டுல ராத்திரி ஒரு மணிக்கு நின்னு பாருங்க, டாரஸ் லாரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போவுது. அந்தத் தொழிலுக்கு இந்த மாவட்டத்துல எந்த வெப்ராளமும் இல்ல, நல்லா நடக்குது. எந்த வண்டிக்கு பாஸ் உண்டு எந்த வண்டிக்கு இல்லன்னு பாக்கறது உங்க வேல, நான் அதுக்குள்ள போகல. நான் சொல்றது இவ்வளவுதான், எட்டாயிரம் கேட்டா எட்டாயிரத்தத் தூக்கிப் போட்டுட்டுப் போகக்கூடிய தொழிலுதான் இங்க நெலச்சு நிக்கும், கணக்கு எழுதற தொழிலு நிக்காது. கலெக்டர் அவர்களே, எந்த மாதிரி முதலீடு வேணும்னு நீங்க மீட்டிங் போட்டு பேசறதுக்கு முன்னாடியே அந்த நாலு பேரும் கேட்டுல நின்னு தீர்மானம் பண்ணிட்டானுவ.

எஸ்.பி அவர்களுக்கு ஒண்ணு கேக்கத் தோணும், லஞ்சமும் மாமூலும் இல்லாத நாடு எது, சைனாவுல இல்லையா வியட்நாம்ல இல்லையான்னு. எனக்க மச்சினனும் இதத்தான் சொன்னான். உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா ஷ்லைஃபர், விஷ்னி ன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1993-லயே எழுதியிருக்கற ஒரு விஷயம் உண்டு. ஒரே ஒரு எடத்துல குடுத்தா பொறவு யாரும் கேக்க மாட்டான்னு இருந்தா வியாபாரி அத வரி மாதிரி கணக்குல எழுதிருவான். ஆளாளுக்கு தனித்தனியா கை நீட்டினா ஒருத்தன் வாங்கறது இன்னொருத்தனுக்குத் தெரியாது, ஒவ்வொருத்தனும் தன் பங்குக்கு ஏத்திக்கிட்டே போவான், கடைசியில தொழிலே செத்துப் போவும். சோவியத் ஒடஞ்ச பொறவு ரஷ்யாவுல நடந்தது அதுதான்னு உதாரணமும் சொல்றாங்க. டச்சுக்காரருக்க மூணாவது கேள்விய படிச்ச மாதிரியே இருக்கு, இல்லையா? எனக்க கேட்டுக்கு வர்றது அந்த நாலு பேரு மட்டும் இல்ல. கட்சி மாநாடுன்னு ஒரு கூட்டம், கிளப்பு டோர்னமெண்டுன்னு ஒரு கூட்டம், பேப்பர்ல எழுதிருவேன்னு ஒரு ஆளு, தூளு பறந்து வீட்டுக்குள்ள விழுதுன்னு புகார் குடுப்பேன்னு மிரட்டி வாங்கற இன்னொரு ஆளு, அந்த ஆளு வீடு மில்லுலருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளியாக்கும்.

எல்லையில கெடக்கற நமக்கு நோக்குகூலின்னா என்னன்னு பாடம் எடுக்க வேண்டாம். அடுத்தவன் சுமக்கறத சும்மா நோக்கிக்கிட்டு நின்னதுக்குக் கூலி. கேரளா அரசாங்கம் 2018 மே 1-ல இருந்து அது கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதுக்குப் பொறவும் 2021 செப்டம்பர்ல தும்பாவுல விண்வெளி மையத்துக்கு வந்த பெரிய மெஷின லாரியில தடுத்து பத்து லட்சம் கேட்டாங்க, ராக்கெட் விடுற எடத்துலயே! அப்ப அங்க கோர்ட்டுல, இது பணம் பறிக்கிற குற்றம், அதுக்குண்டான கேஸ் போடுங்கன்னு கடுமையா சொன்னாங்க. நாம இங்கேருந்து அதப் படிச்சு மலையாளத்தான கேலி பண்ணினோம். நம்மகிட்ட அதுக்கு பேரு கூட இல்லாமத்தான் அது நடக்குது, பேரில்லாததால புகாரும் இல்ல.

தென்னாப்பிரிக்கா கதை இன்னும் மோசம். உள்ளூர் ஆளுங்களுக்கு பெரிய கான்ட்ராக்டுல 30 சதவீதம் துணை ஒப்பந்தமா குடுக்கணும்னு 2017-ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, நல்ல எண்ணத்துலதான். அந்த முப்பது சதவீதத்த வச்சு துப்பாக்கியோட சைட்டுக்கு வந்து பங்கு கேக்கற கும்பலு கெளம்பிட்டுது, கட்டட மாஃபியான்னே அவங்களுக்குப் பேரு. கிழக்கு கேப் மாகாணத்துல ம்டென்டு ஆத்துப் பாலம்னு ஒரு பெரிய பாலம், ஆஸ்திரியாக்காரன் ஸ்ட்ராபாக் கூட்டணி சேர்ந்து கட்டிட்டிருந்துது, மிரட்டலும் மறியலும் தாங்காம 2019-ல போட்டது போட்டபடி விட்டுட்டுப் போயிட்டான். அந்த நாட்டுப் பணத்துல சுமார் 165 கோடி ராண்ட் வேல அது. மறுபடி டெண்டர் விட்டு சீனாக்காரன் உள்ள கூட்டணிக்குக் குடுக்கும்போ தொகை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிட்டுது. பங்கு கேட்டவன் எவ்வளவு வாங்கியிருப்பான்னு தெரியாது, ஆனா பில்லு அந்த நாட்டு சனங்க தலையில. உள்ளூர்க்காரனுக்கு வேல வேணும்னு கேக்கறதுல எனக்கு எந்த எதிர்ப்பும் கெடயாது, அந்த நாலு பேருல ரெண்டு பேரு பாலிடெக்னிக் படிச்ச பயலுவ, ஒருத்தனுக்க அப்பன் எனக்க கூட ஸ்கூல்ல படிச்சவன். அவனுவளுக்கு அந்த டச்சு யூனிட்டுல மாசச் சம்பளத்துல வேல கெடச்சிருக்கும்லா, லேப்புக்கும் மெஷினுக்கும் பன்னிரெண்டு பேரு வேணும்னு பிளான்லயே போட்டிருந்தோம்.

நம்ம மாவட்டத்துக்கு வெளிநாட்டு முதலீடே இல்லன்னு சொல்றது கூட சரியில்ல. துபாய்லயும் மஸ்கட்லயும் தோஹாவுலயும் நம்ம ஆளுவ ஒழைச்சு அனுப்புற பணம் என்ன பணம்? திருப்பி வெளிய எடுக்கமாட்டேன்னு சொல்லி வெளிநாட்டு இந்தியன் போடுற முதலீட்ட உள்நாட்டு முதலீடாத்தான் எடுத்துக்கணும்னு 2015-ல இருந்து விதி இருக்கு, அதனால அந்தப் பணம் கணக்குல வேற பேருல கெடக்கு, மத்தபடி அது மணல்காட்டு வெயில்ல நின்னு வந்த பணம்தான். அது எங்க போவுது பாருங்க. வீடு, மனை, தங்கம், கல்யாண மண்டபம். தொழில்ல போட மாட்டானுவ. நான் பதினோரு வருஷம் மஸ்கட்ல இருந்தவன், திரும்பி வந்து மில்லு எடுத்தப்போ கூட இருந்தவனுவ சொன்னது இன்னும் காதுல இருக்கு, "மக்கா, மெஷினு வாங்காத, மனை வாங்கு, மனைக்கு யாரும் பிரிவு கேட்டு வரமாட்டான்". பூட்டிக் கெடக்கற வீட்டுக்கிட்ட யாரும் போய் பங்கு கேக்கறதில்ல, ஓடுற மெஷினுக்குத்தான் கேக்கான். அதனால ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பூட்டின வீடா நிக்குது.

தூத்துக்குடில வியட்நாம்காரன் வின்ஃபாஸ்ட் கார் ஃபாக்டரிய 2025 ஆகஸ்ட்ல திறந்தாச்சு, நம்ம வண்டில ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். தூத்துக்குடி என்ன பரிசுத்த பூமியா, அங்கயும் எல்லாம் உண்டு. ஆனா அவன் சிப்காட்ங்கற அரசாங்கத் தொழிற்பேட்டை மதிலுக்குள்ள இருக்கான், அவனுக்கு சென்னையில ஒரு போன் நம்பர் இருக்கு, முதலமைச்சர் வந்து ரிப்பன் வெட்டியிருக்காரு, அவன் கேட்டுல போய் நின்னு எட்டாயிரம் கேக்க எவனுக்கும் தைரியம் வராது. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டுல ஆறு லட்சம் கோடிக்கு மேல ஒப்பந்தம்னு சொன்னப்போ நானும் கைதட்டினேன். மதிலுக்கு வெளிய இருக்கற கதம்பை மில்லு, கசுவண்டி (முந்திரி) ஃபாக்டரி, ரப்பர் ஷீட்டு அடிக்கறவன், தோவாளையில பூ கட்டி அனுப்புறவன், மீனு ஐஸ்ல போட்டு அனுப்புறவன், இவங்க தேடி வர்ற வெளிநாட்டுக்காரன் எல்லாம் சின்ன ஆளு, ரெண்டு கோடி மூணு கோடி கையில வச்சிருக்கறவன். அவனுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டாங்க. அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, உங்க ரிப்போர்ட்டுல ஒரு எடத்துலயும் அவன் பேரு வராது.

இனி புகார் விஷயம். டச்சுக்காரர் போன பொறவு எனக்கு ஒரு வீம்பு வந்துட்டுது, அடுத்த கண்டெய்னருக்கு தரமாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி லோடு ஏத்தி நிறுத்தியிருந்த வண்டில ஆறு டயருக்கு வால்வ பிடுங்கிட்டுப் போயிட்டானுவ. டிரைவர் தூங்கிட்டிருக்கான், அவனுக்குத் தெரியல. காலைல டயர் கடைக்காரனப் பிடிச்சு காத்தடிச்சு தூத்துக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள கப்பலுக்கு சரக்கு எடுக்கற நேரம் முடிஞ்சுட்டுது, அடுத்த கப்பலு பதினோரு நாளு கழிச்சு, அதுவரைக்கும் வாடகை என் தலையில. ஸ்டேஷனுக்குப் போனேன், எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லல. நல்லாத்தான் பேசினாவ, டீ கூட வாங்கித் தந்தாவ. எழுதிக் குடுத்தத வாங்கி வச்சுட்டு சி.எஸ்.ஆர் சீட்டு ஒண்ணு தந்தாவ, புகார வாங்கிக்கிட்டோம்ங்கறதுக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான். எப்.ஐ.ஆர் போடுங்க சார்னு கேட்டதுக்கு, "அண்ணாச்சி, நீங்க நாளைக்கும் இங்கதான தொழில் பண்ணணும், பேசி முடிச்சுக்கிடுங்க" ன்னு பதில். அந்த மனுஷன் கெட்ட எண்ணத்துல சொல்லல, உண்மையிலயே எனக்கு நல்லது சொல்றதாத்தான் அவர் நெனச்சாரு. அதுதான் எனக்கு பயமா இருந்துது.

பணம் பறிக்கறது புது குற்றச் சட்டமான பி.என்.எஸ் 308-வது பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றம். இந்த மாதிரி குற்றத்துக்குப் புகார் வந்தா எப்.ஐ.ஆர் போட்டே தீரணும்னு 2013-லயே லலிதா குமாரி வழக்குல உச்சநீதிமன்றத்துல அஞ்சு நீதிபதி உக்காந்து தீர்ப்பு சொல்லியாச்சு. உங்களுக்குத் தெரியாததா. ஆனா சி.எஸ்.ஆர் சீட்டுக்கும் எப்.ஐ.ஆருக்கும் உள்ள வித்தியாசம் வெளிநாட்டுக்காரனுக்கு எங்க தெரியும்னு நெனைக்காதீங்க. சரக்கு லேட்டானதுக்கு இன்சூரன்ஸ் கேக்கப் போனா அவன் மொதல்ல கேக்கறது எப்.ஐ.ஆர் காப்பிதான். வங்கிக்காரனும் அதத்தான் கேக்கான். சீட்டக் காட்டினா ரேஷன் கடை ரசீதப் பாக்கற மாதிரி பாக்கான்.

இத எழுதறதப் பார்த்து உடனே நாலு பயலையும் பிடிச்சு கை கால் ஒடைச்சு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு மாவுக்கட்டு போட்டு போட்டோ விட்டுராதீங்க, அது நான் கேக்கல. எல் சால்வடார்னு ஒரு நாடு, 2015-ல லட்சம் பேருக்கு நூறு கொலைக்கு மேல நடந்த எடம், 2022 மார்ச்சுல அவசரநிலை போட்டு எண்பதாயிரம் பேருக்கு மேல தூக்கி உள்ள போட்டாங்க, 2024-ல கொலை லட்சத்துக்கு ரெண்டுக்கும் கீழ எறங்கிட்டுது. சனங்களுக்கு நிம்மதிதான், மறுக்கல. ஆனா வெளிநாட்டு முதலீடு அந்த வேகத்துக்கு ஓடி வரல, சுத்தி உள்ள நாடுகள விட கொறச்சலாத்தான் நிக்குது. கேஸ் இல்லாம யாரையும் உள்ள தள்ளலாம்னா நாளைக்கு என்னையும் தள்ளலாம்லான்னு பணம் போடுறவன் யோசிப்பான்லா. அவனுக்கு வேண்டியது காகிதத்துல எழுதின நடைமுறை, அது அடுத்த எஸ்.பி வந்தாலும் மாறாம இருக்கணும்.

அதனால நான் கேக்கறது சின்னச் சின்ன காரியம்தான். கேட்டுல வந்து பணம் கேட்டான்னு புகார் வந்தா அன்னைக்கே எப்.ஐ.ஆர் காப்பி கையில வரணும். ஸ்டேஷன்ல பேசி முடிக்கச் சொன்னா மேல சொல்றதுக்கு ஒரு டி.எஸ்.பி நம்பர் வேணும், அந்த நம்பர எடுக்கற ஆளு எங்க ஏரியா ஆளுவளுக்கு சொந்தக்காரனா இருக்கக்கூடாது. ஏத்துகூலி எறக்குகூலி டன்னுக்கு எவ்வளவுன்னு தொழிலாளர் துறையும் சங்கமும் மில்லுக்காரங்களும் உக்காந்து பேசி மில்லு வாசல்ல போர்டு வச்சிருங்க, வேல செஞ்சவனுக்கு நான் தயங்காம குடுப்பேன், ரசீதோட. மாசா மாசம் இந்த மாதிரி எத்தனை புகார் வந்துது, எத்தனைல கேஸ் போட்டாங்க, எத்தனை கோர்ட்டுக்குப் போச்சுன்னு மாவட்டத் தொழில் மையத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. புகார் எண்ணிக்கை கூடினா மாவட்டத்துக்குக் கெட்ட பேருன்னு நெனைக்காதீங்க, எல்லா ஸ்டேஷன்லயும் பூச்சியம்னு எழுதியிருந்தாத்தான் வெளிநாட்டுக்காரனுக்கு சந்தேகம் வரும்.

எனக்க பங்குக்கு ஒண்ணு சொல்லிடறேன். 2016-ல இருந்து எட்டு வருஷம் மூடிக்கிட்டுக் குடுத்தவன் நான். மூவாயிரத்த எட்டாயிரமா வளத்துவிட்டதுல எனக்கும் பங்கு உண்டு, பக்கத்து மில்லுக்காரர் தரமாட்டேன்னு நின்னப்போ, குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி வம்பு எதுக்குன்னு அவருக்கு புத்தி சொன்னவனும் நான்தான். அவரு மில்லு இப்ப பூட்டிக் கெடக்கு, கொரோனாவுலயா இதுலயான்னு அவருக்கே சொல்லத் தெரியல.

டச்சுக்காரர் இன்னும் எங்கிட்ட சரக்கு எடுக்காரு, பார்ட்னர் ஆகறதுதான் இல்ல. அடுத்த வியாழக்கிழமை அவருக்கு ஒரு கண்டெய்னர் போவுது. சாயங்காலம் நாலு மணிக்கு லோடு ஆரம்பிக்கும், எட்டரைக்கு சீல் வைப்பாங்க, மறுநாள் காலைல ஒன்பது மணிக்கு ஆரல்வாய்மொழி பக்கமா வண்டி கெளம்பும். எட்டாயிரம் இந்தத் தடவ நான் எடுத்து வைக்கல. டிரைவர்கிட்ட வண்டியில தூங்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன், நானும் எனக்க மகனும் ராத்திரி டயருக்குப் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்திருப்போம். ரோந்து போற வண்டி அந்த வழியா ஒரு தடவ வந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
கல்குளம் தாலுகா தும்பு மில்லுக்காரன் ஒருத்தன்